இ வரிசை எலிகள்

அக்டோபர் 6

ஒன்பது நாள் யோசனைக்குப் பிறகு, இன்று முற்பகல் பதினொன்றே காலுக்கு அந்த முடிவை எடுத்தேன். நாவல்கொட்டைச் சாறு உள்ள கண்ணாடிக் குடுவை இனி என் அறைக் குளிர்பெட்டியில் இருக்காது. எலிக்கூடத்துக் குளிர்பெட்டியில் இருக்கும்.

தினமும் காலையில் நூற்றெண்பது மில்லி அளந்து, என் அறையிலிருந்து எலிக்கூடம் வரை நாற்பத்தாறு அடி நடந்து, உதவியாளர் மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டு, அதே நாற்பத்தாறு அடி திரும்பி வருவது வழக்கம். ஆய்வாளரே அளந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவருக்கு முழங்கால் வலி இல்லை. விதியை எழுதியவன் நான்தான். ஆனால் அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

இனிமேல் மாசிலாமணியே அளந்து ஊற்றுவார். பத்தொன்பது ஆண்டாக எலிகளோடு இருப்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நூற்றெண்பது என்ற கோடு அவருக்குத் தெரியும்.

ஆய்வின் நிலையையும் எழுதி வைக்கிறேன். பதினெட்டு எலிகள், மூன்று வரிசை. அ வரிசைக்கு நோய் இல்லை. ஆ வரிசைக்கும் இ வரிசைக்கும் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்திருக்கிறோம். ஆ வரிசைக்கு வெறும் தண்ணீர். இ வரிசைக்குத் தண்ணீரில் கலந்து சாறு. வெள்ளிதோறும் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். இ வரிசையில் சர்க்கரை குறைந்தால் எனக்கு வெற்றி. பதினொரு ஆண்டில் மூன்று செடிகள் கைவிட்டுவிட்டன. இது நான்காவது. மே மாதம் ஓய்வு. ஐந்தாவதுக்கு நேரமில்லை.

அறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. மின்பணியாளர் நாளை வருவதாகச் சொன்னார்.

அக்டோபர் 10

முதல் வெள்ளி. ஆ வரிசை சராசரி 312. இ வரிசை 309. இது வேறுபாடு அல்ல. எலிக்கு எலி காட்டும் மரியாதை.

மாசிலாமணி மதியம் சாப்பிடவில்லை. எலிக்கூட ஜன்னலில் அவருடைய பிளாஸ்க் எப்போதும் இருக்கும். அதிலிருந்து சர்க்கரை போடாத கடுங்காப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எட்டு ஆண்டாகச் சர்க்கரை உண்டு.

"என்ன மாசிலாமணி, சாப்பிடலையா?"

"நாளைக்கு சுகர் கிளினிக்லா சார். நேத்தையிலிருந்து வயித்தக் காயப்போட்டிருக்கேன். அப்பத்தான் புள்ளி கொறையும். இல்லைனா அந்த டாக்டரம்மா ஏசும்."

"நீரு டாக்டரையே ஏமாத்துதீரு."

"ஏமாத்து என்ன சார் இதுல? கல்யாண வீட்டுக்குப் போம்போது வெளுத்த வேட்டி உடுத்திட்டுப் போறதில்லையா? அது மாதிரித்தான்."

நம் ஊரில் ரத்தப் பரிசோதனை என்பது நோயறியும் முறை அல்ல, நன்னடத்தைச் சான்றிதழ். முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து, காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றி, நல்ல எண் ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியிலேயே ஒரு அல்வாக் கடையில் ஏறி அதைக் கொண்டாடுவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதை ஏமாற்ற முடியாது. அதனால் அதை யாரும் விரும்புவதில்லை.

மின்பணியாளர் வரவில்லை.

அக்டோபர் 24

ஆ 318. இ 320. சாறு குடிக்கும் எலிக்குச் சர்க்கரை இரண்டு புள்ளி அதிகம்.

தலைவலி. மேசையில் சற்றுச் சாய்ந்தேன். விழித்தபோது மாசிலாமணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல சார், சும்மாத்தான்" என்று போய்விட்டார்.

அக்டோபர் 31

இ வரிசை 241.

மூன்று முறை அளந்தேன். கருவியை மாற்றி அளந்தேன். 241, 238, 243.

நவம்பர் 7

இ வரிசை 196. ஆ வரிசை வழக்கம்போல 315.

இ வரிசை எலிகளின் எடையும் குறைந்திருக்கிறது. சாறு கொழுப்பையும் கரைக்கிறது போலும். இரண்டாவது கண்டுபிடிப்பாகக் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் பெனாசிரிடம் காட்டினேன். எங்கள் துறையின் உதவிப் பேராசிரியர், மேலப்பாளையத்துப் பெண், நான் ஓய்வு பெற்றதும் இந்த அறையும் இந்த மின்விசிறியும் அவருக்கு.

"நல்லாருக்கு சார். ஆனா எடை இவ்வளவு வேகமா இறங்குதே, தீவனம் சரியா எடுக்குதா?"

"மாசிலாமணி வைக்கிறார்."

"வைக்கிறார். எடுக்குதான்னு கேக்கறேன்."

இளம் வயதினர் வெற்றியை உடனே நம்புவதில்லை. எனக்கு அந்த வயதில் நம்புவதற்கு ஒன்றுமே கிடைத்ததில்லை.

நவம்பர் 14

உலகச் சர்க்கரை நோய் நாள். நிறுவன அரங்கில் விழா. வந்தவர்களுக்குக் கேசரி.

இயக்குநர் கோமதிநாயகம் தலைமை. நான் பேசினேன். சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்: "எங்கள் எலிக்கூடத்தில், ஒரு மாத்திரையும் இல்லாமல், ஒரு நாட்டு மரத்தின் கொட்டை சர்க்கரையைப் பாதியாக்கிவருகிறது." கைதட்டல். பதினொரு ஆண்டில் முதல் கைதட்டல் என்பதால் நீளத்தை மதிப்பிட முடியவில்லை. போதுமான நீளம்.

மாலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே மாசிலாமணி கேட்டார்.

"சார், நம்ம மருந்து மனுசனுக்கும் கேக்குமா?"

"கேக்கணும். எலி ஈரலும் நம்ம ஈரலும் ஒரே வேலையைத்தான் செய்யுது. நாம தூங்கும்போது சர்க்கரையை ரத்தத்துல இறக்கிவிடுறது அதுதான்."

"அப்ப மாத்திரையே வேண்டாமோ?"

"ஒரு காலத்துல வேண்டாம்னு ஆகலாம்."

"அது எப்ப சார்?"

"நீரு நெனைக்கிறதை விடச் சீக்கிரமா."

அறிவியலைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று எல்லாக் கருத்தரங்கிலும் வலியுறுத்துகிறார்கள். இன்று செய்தேன்.

நவம்பர் 15

மின்பணியாளர் வந்தார். ஏணி கொண்டுவரவில்லை. போய்விட்டார்.

டிசம்பர் 2

கூண்டின் இரும்பு மூடி விழுந்து மாசிலாமணியின் இடது கால் பெருவிரலில் காயம். எலிக்கூடத்துக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது விதி. (இதையும் எழுதியவன் நான்தான்.) நான் போனபோது தரையில் ரத்தம், அவர் எலிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"ஒண்ணும் தெரியல சார். நீங்க சொல்லித்தான் ரத்தமே பாத்தேன்."

இந்தத் தலைமுறையில் இப்படிப்பட்ட பொறுமை அரிது. பஞ்சு வைத்துக் கட்டினேன்.

சாறு தீரும் வேகம் சரியாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு இரண்டரை லிட்டர். நிறம் முன்பை விடக் கறுப்பாகத் தெரிகிறது. இந்த முறை கொட்டையைக் கூடுதலாக வறுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 19

இ வரிசை 148. கட்டுரை எழுதி முடித்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் பெனாசிர் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒரே ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை ரத்தத்தை மட்டும் பாக்கறோம். மத்த ஆறு நாள் என்ன நடக்குதுன்னு தெரியாது. சராசரிப் பரிசோதனை ஒண்ணு பண்ணிடலாமே. பழைய ரத்த மாதிரியெல்லாம் உறைபெட்டில இருக்கு."

"அதுக்கு வேதிப்பொருள் வரவழைக்கணும். ஆறு வாரம் ஆகும்."

"ஆகட்டும் சார். பதினோரு வருஷம் ஆச்சுல்ல, ஆறு வாரம்தானே."

"எனக்கு மீதி இருக்கிறதே இருபது வாரம், பெனாசிர்."

அவர் எழுந்தார். பிறகு, "நான் வரவழைச்சு வைக்கிறேன் சார். எதுக்கும் இருக்கட்டும்" என்று போனார்.

பிற்பகல் மூன்றரைக்குக் கட்டுரையை அனுப்பினேன். நன்றியுரையில் மாசிலாமணியின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். வழக்கத்தில் இல்லாதது.

ஜனவரி 2

புத்தாண்டுக் கேக் கொண்டுவந்தார் மாசிலாமணி. அவர் சாப்பிடவில்லை. நான் இரண்டு துண்டு.

ஜனவரி 19

பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தோம். மாசிலாமணி இளைத்திருக்கிறார். சட்டை, கழற்றிக் கொடியில் போட்டதைப்போல உடம்பில் தொங்குகிறது. நான் எழுதிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் குழாயடிக்கு மூன்று முறை போனார்.

"என்ன, உடம்பு எளச்சிட்டீரு?"

"நல்லதுதான சார். நம்ம எலியும் எளச்சுத்தான கெடக்கு." சிரித்தார். "கிளினிக்ல வெறும் வயித்துல நூத்திப் பதினெட்டு. டாக்டரம்மா 'மாசிலாமணியப் பாத்து எல்லாரும் படிங்க'ன்னு சொல்லிச்சு."

118 என்பது நல்ல எண். மகிழ்ச்சி தெரிவித்தேன்.

பெருவிரல் கட்டு இன்னும் இருக்கிறது. அதே கட்டா வேறு கட்டா என்று கேட்கவில்லை. எடை குறைவு, ஓயாத தாகம், ஆறாத புண் என்ற வரிசையைப் பன்னிரண்டு ஆண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. 118 என்று எழுதியிருக்கும்போது வேறு எதையும் யோசிக்க இடமில்லை.

பிப்ரவரி 4

ஆய்விதழிலிருந்து பதில். கட்டுரை ஏற்புடையது, ஆனால் சாற்றின் வேதிப் பகுப்பாய்வு வேண்டுமாம். எலிக்கூடத்துக் குடுவையிலிருந்து ஐம்பது மில்லி எடுத்துப் பெனாசிரிடம் கொடுத்தேன்.

மாலையில் முடிவோடு வந்தார். முகம் சரியில்லை.

"சார், இதுல காஃபீன் இருக்கு."

"நாவல்கொட்டையில காஃபீனா?"

"நாவல்கொட்டைல இருக்க வேண்டியது எதுவும் அனேகமா இல்ல. காஃபீன் மட்டும்தான் இருக்கு."

நாவல்கொட்டையில் காஃபீன் இருப்பதாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனவே இரண்டு வாய்ப்புகள். ஒன்று, கருவி பழுது. மற்றொன்று, புதிய கண்டுபிடிப்பு. பெனாசிர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வாயெடுத்தார். அப்போது மின்தடை ஏற்பட்டதால் இருவரும் கிளம்பினோம்.

பிப்ரவரி 9

பெனாசிர் வரவழைத்து வைத்திருந்த வேதிப்பொருளால் சராசரிப் பரிசோதனை செய்தார். நான் கேட்கவில்லை. முடிவை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆ வரிசைக்கும் இ வரிசைக்கும் வேறுபாடு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இ வரிசை ஆரோக்கியமாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 12

மாசிலாமணியை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னேன். பத்தொன்பது ஆண்டில் இந்த அறையில் அவர் உட்கார்ந்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"குடுவையில என்ன இருக்கு மாசிலாமணி?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காப்பி சார்."

"காப்பியா?"

"கடுங்காப்பி. ஆறவச்சு ஊத்துவேன். தண்ணிய ஊத்துனா நெறம் காட்டிக் குடுத்துரும்லா." என் முகத்தில் என்ன கண்டாரோ, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "சக்கர போடல சார். எலிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப சாறு?"

"நாந்தான் குடிக்கேன். கேசரி குடுத்த அன்னைக்கு மறுநாள்லேந்து. மொதல்ல எலிக்குப் பாதி, எனக்குப் பாதி. பொறவு எலிக்கு எதுக்குன்னு…"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுப்பீங்களா? விதி கிதின்னு பேசுவீங்க."

அடுத்ததைக் கேட்டேன்.

"சரி. எலிக்குச் சாறே போகலை. பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிக் குறைஞ்சது?"

"அதுவா." முதல் முறையாகக் கொஞ்சம் பெருமை தெரிந்தது. "புதன் சாயங்காலத்தோட தீனிய எடுத்திருவேன் சார். நா கிளினிக்குப் போறாப்பலதான். அதுவும் பரீட்சைக்குப் போவுதுல்லா."

"எல்லா எலிக்குமா?"

"அது எப்பிடி? இ வரிசைக்கு மட்டுந்தான். மத்தது தோத்தாத்தான நம்ம எலி செயிக்கும்?"

வியாழன் இரவு எல்லா எலிக்கும் தீவனம் நிறுத்துவது முறை. இ வரிசைக்கு அதற்கும் ஒரு நாள் முன்பே. இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

"யாருவே உம்மச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க அன்னைக்கு மேசையில தலைய வச்சிக் கெடந்தீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கொஞ்சம் ஒத்தாச பண்ணுவோமேன்னு."

"பட்டினி போட்டுத்தான் குறைஞ்சதுன்னு உமக்கே தெரியும். பிறகு அந்தச் சாற்றை எதை நம்பிக் குடிச்சீரு?"

இந்தக் கேள்வி அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நீங்க மேடையில சொன்னீங்கள்லா சார். நீங்க பொய் சொல்லுவீங்களா?"

மாத்திரைகளை நவம்பர் பதினைந்திலிருந்து நிறுத்தியிருக்கிறார். 'ஒரு காலத்தில்' என்றுதான் நான் சொன்னேன். தெளிவாகவே சொன்னேன். இந்த நாட்குறிப்பிலேயே இருக்கிறது. அடுத்த வரியும் இருக்கிறது.

இன்றிலிருந்து மாத்திரை போடச் சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 16

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொல்ல இயக்குநர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிவசைலம் சார்! இருபத்தேழாம் தேதி பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டாச்சு. டெல்லியிலேந்து நிதிக்குழு ஆளும் வாரார். உங்க எலிதான் ஹீரோ. நீங்க சராசரி, விலக்கம் எல்லாம் பேசாதீங்க. 'குறைஞ்சுது'ன்னு ஒரு வார்த்தை. போதும்."

"அதைப் பத்தித்தான் சார்…"

"உங்க ஓய்வுக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் ஆலோசகரா வச்சுக்கலாம்னு பேசியிருக்கேன். பெனாசிரோட பணி நிரந்தரமும் இதுலதான் தொங்குது. சொல்லுங்க, என்ன விஷயம்?"

மின்விசிறி என்றேன். உடனே சரிசெய்யச் சொல்வதாகக் கூறினார்.

அறைக்குத் திரும்பியபோது மாசிலாமணி காத்திருந்தார். கட்டை அவிழ்த்துக் காட்டினார். பெருவிரல் நுனியில் நிறம் மாறியிருக்கிறது. கறுப்பு என்றும் சொல்லலாம்.

"ரூத்து ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு ஒத்தக்கால்ல நிக்கா சார்." ரூத்து என்பது அவர் மனைவி, சத்துணவுக் கூடத்தில் சமையல். "போவட்டுமா?"

போனால் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்தால், என்ன மருந்து எடுத்தீர் என்று கேட்பார்கள். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். பொய் சொல்வது அவருக்கு எலிகளுக்காக மட்டுமே வரும்.

"இருபத்தேழு வரைக்கும் மாத்திரையை ஒழுங்காப் போடும். மருந்து வச்சுக் கட்டும். இருபத்தெட்டு காலையில நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்களே வாரீங்களா? அப்பச் சரி சார். அவகிட்டச் சொல்லிருதேன்."

பன்னிரண்டு நாள். இரண்டரை மாதமாக இருக்கும் புண்ணுக்குப் பன்னிரண்டு நாள் என்பது சதவீதத்தில் பெரிதல்ல.

பிப்ரவரி 20

ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதத் தொடங்கினேன். 'எதிர்பாராத நடைமுறைப் பிழை' என்பதா, 'நடைமுறையில் நேர்ந்த எதிர்பாராத பிழை' என்பதா என்று மாலை வரை யோசித்தேன்.

பிப்ரவரி 23

முன்னது நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 27

பத்திரிகையாளர் கூட்டம். பதினோரு பேர், இரண்டு கேமரா. இ வரிசை எலி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் மேசை மேல் வைத்திருந்தார்கள். நேற்று முன்தினத்திலிருந்து சாப்பிடாத எலி என்பதால் அது மைக்கின் உறையைக் கடிக்க முயன்றது. "எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க" என்றார் இயக்குநர்.

என் முறை வந்தது. "குறைந்தது" என்றேன். ஒரு வார்த்தைதான்.

பெனாசிர் பின்வரிசையில் இருந்தார். அந்த வார்த்தைக்குப் பிறகு எழுந்து வெளியே போனார்.

அரங்கில் ஒரு வாடை. எலி வாடை என்று நினைத்து யாரோ நறுமணம் தெளித்தார்கள். எலிகளோடு நான் முப்பது ஆண்டு இருந்திருக்கிறேன். எலி வாடை அது அல்ல. மாசிலாமணி ஓரமாக, இடது காலில் பிளாஸ்டிக் பை சுற்றி நின்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 28

மின்பணியாளர் வந்தார், ஏணியோடு. இயக்குநரே அனுப்பியிருக்கிறார். இப்போது விட்டால் எப்போது வருவாரோ. மாசிலாமணியிடம் திங்கட்கிழமை போகலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டரை மணி நேரம் வேலை செய்தார். சத்தம் நின்றுவிட்டது. அறை மிக அமைதியாக இருக்கிறது.

மார்ச் 2

மாசிலாமணி வரவில்லை. காய்ச்சலாம்.

மார்ச் 4

வரவில்லை. தீவனம் நான் வைத்தேன். மூட்டை கனம். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீடு மகாராஜ நகர் தாண்டி என்று நினைவு. இந்தப் பத்தொன்பது ஆண்டில் போனதில்லை.

மார்ச் 7

காலை எட்டு மணிக்கு ரூத்து வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆட்டோல வச்சிருக்கேன். ராத்திரிலேந்து பெனாத்துதாக. நீங்க வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாகளாம். 'சார் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க, சாரு சொன்னா சொன்னதுதான்'னு ஒரே பிடி. வாரீங்களா, நா இழுத்துட்டுப் போவட்டுமா?"

போனேன். சட்டையை மாற்ற நினைத்தேன். அவர் நின்ற விதத்தில் மாற்றவில்லை.

அரசு மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தார்கள். 486. பக்கத்திலிருந்த நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். மாசிலாமணி கண்ணைத் திறந்தார். அவமானப்பட்டவர்போல ரூத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நா முன்னக்கூட்டியே சொல்லியிருந்தா காயப்போட்டு வந்திருப்பேன்லா."

"பேசாமக் கெடங்க" என்றார் ரூத்து.

மார்ச் 9

அறுவை மருத்துவர் வயதில் இளையவர். என் மாணவர்களின் மாணவராக இருக்கலாம். வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்.

"மூணரை மாசமா என்ன மருந்து எடுத்தாரு? மனைவி என்னமோ 'சார் குடுத்த மருந்து'ங்கறாங்க. யார் அந்த சார்?"

ரூத்து தூணில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக எதையும் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நான்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குடுவை, காப்பி, புதன்கிழமை, மேடையில் நான் பேசியது, இருபத்தேழாம் தேதி. அவர் எழுதிக்கொண்டார். எழுதியதன் கீழே கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

"நீங்க சர்க்கரை நோய் ஆராய்ச்சியா?"

"ஆமா."

"மூணு வாரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா விரலோட போயிருக்கும்."

மூன்று வாரம் முன்பு என்றால் பிப்ரவரி 16. பக்கத்தைப் புரட்டவில்லை. தேதி தெரியும்.

காலை 11.20க்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவருகில் மாசிலாமணி என் கையைத் தடவிப் பிடித்தார்.

"சார், எலிக்கெல்லாம் தீனி?"

"நான் வைக்கிறேன்."

"எல்லா வரிசைக்கும் வச்சிருங்க சார். பாவம்."

1.05க்கு வெளியே வந்தார். இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

மார்ச் 10

'எதிர்பாராத நடைமுறைப் பிழை' என்ற சொற்களை அடித்துவிட்டேன். கடிதம் இப்போது நான்கு வரி. இ வரிசை எலிகளுக்குச் சாறு கொடுக்கப்படவில்லை, பட்டினி போடப்பட்டது, சாற்றை ஒரு மனிதர் குடித்தார், அதற்கு நான் பொறுப்பு. அனுப்பிவிட்டு ஒரு படியை இயக்குநருக்கும் ஒன்றைப் பெனாசிருக்கும் கொடுத்தேன்.

இயக்குநர் படித்துவிட்டு, "இதைப் பதினாறாந்தேதியே சொல்ல வந்தீங்களா?" என்றார்.

"ஆமா."

"மின்விசிறின்னீங்களே."

பெனாசிர் இரண்டு முறை படித்தார். "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் போறேன் சார். ரூத்தம்மா ரெண்டு ராத்திரி தூங்கலை" என்று மட்டும் சொன்னார்.

குடுவையைக் கழுவி என் அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். நாற்பத்தாறு அடி.

மார்ச் 14

தகவல் பலகையில் அலுவலகம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. எலிக்கூட உதவியாளர், ஒரு பணியிடம், தொகுப்பூதியம். தகுதி: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. இருபத்தைந்து கிலோ தீவன மூட்டையைத் தனியாகத் தூக்கி மாடி ஏறக்கூடியவராக இருக்க வேண்டும்.